கழுகு ஒன்று காணாமல் போகும்போது: இரைகொல்லிப் பறவைகளும் கள்ள வேட்டையும்

2010ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் பர்மிங்காம் விமான நிலையத்தில் பயணிகள் ஓய்வறையைச் சுத்தம் செய்யும் ஊழியர் ஒருவர், ஒரு பயணியின் மேல் சந்தேகப்பட்டார். குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் குளித்த அடையாளமே இல்லை, எல்லாம் காய்ந்து கிடந்தது. ஊழியர் தகவல் சொன்னார், போலீசார் வந்தார்கள். சோதித்தபோது அந்த ஆளின் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்த காலுறைகளுக்குள் 14 முட்டைகள் இருந்தன. வேல்ஸ் பகுதியின் பாறை முகட்டுக் கூடுகளிலிருந்து எடுத்த பொரி வல்லூறின் முட்டைகள். தன் உடம்புச் சூட்டிலேயே அடைகாத்தபடி துபாய் விமானத்துக்குக் காத்திருந்திருக்கிறார்.

அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. முட்டைகளில் பெரும்பாலானவை பொரிந்து, குஞ்சுகள் காட்டுக் கூடுகளில் சேர்க்கப்பட்டன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2018இல் ஹீத்ரோ விமான நிலையத்தில் அதே ஆள், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் 19 முட்டைகளுடன் மறுபடியும் பிடிபட்டார்.

கள்ள வேட்டை என்றதும் நம் மனதில் யானைத் தந்தமும் புலித்தோலும்தான் வரும். கழுகும் வல்லூறும் வராது. ஆனால் வானத்தில் வட்டமிடும் இந்தப் பறவைகளையும் உலகம் முழுவதும் சுடுகிறார்கள், பொறிவைத்துப் பிடிக்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள், கூட்டிலிருந்து திருடுகிறார்கள். அது ஏன் நடக்கிறது, ஏன் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாமல் போகிறது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

எந்தப் பறவைகள், எது குற்றம்?

கூரிய வளைந்த அலகும் இரையைப் பற்றிப் பிடிக்கும் உகிர்களும் கொண்டு, வேட்டையாடியோ செத்ததைத் தின்றோ வாழும் பறவைகளை இரைகொல்லிப் பறவைகள் என்கிறோம். கழுகு, பருந்து, வல்லூறு, ராஜாளி, பூனைப்பருந்து, மீனைத் தூக்கிச் செல்லும் விரால் அடிப்பான், இரவில் இயங்கும் ஆந்தையும் கூகையும் எல்லாம் இதில் அடக்கம். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பாறும் இந்தக் கூட்டம்தான். (பாறு என்பது சங்கப் பாடல்களிலேயே வரும் பழைய பெயர். பிணந்தின்னி என்று சொல்லும்போதே ஒரு அருவருப்பு ஒட்டிக்கொள்வதால் நான் பாறு என்றே எழுதுகிறேன்.)

'பாதுகாக்கப்பட்ட பறவை' என்றால் கொல்லக் கூடாது என்பது மட்டுமல்ல. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது என எல்லாமே பெரும்பாலான நாடுகளில் குற்றம். சில நாடுகளில் கீழே கிடக்கும் இறகை எடுத்து வைத்துக்கொள்வதுகூடக் குற்றம்தான். அமெரிக்காவில் வெண்தலைக் கழுகைக் காக்க 1940இல் தனிச் சட்டமே வந்தது. 1962இல் பொன்னிறக் கழுகையும் அதில் சேர்த்தார்கள். பிரிட்டனில் 1954இலிருந்தும், இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் இவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு.

நாடு விட்டு நாடு கடத்தப்படுவதைத் தடுக்க 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு உடன்படிக்கை இருக்கிறது. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. மிகக் கடுமையான முதல் பட்டியலில் பொரி வல்லூறு இருக்கிறது. அனுமதிச் சீட்டோடு மட்டும் வணிகம் செய்யலாம் என்ற இரண்டாம் பட்டியலில் ஆந்தைகள் உள்பட மற்ற இரைகொல்லிகள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. ஆக, சட்டம் இல்லாததல்ல இங்கே சிக்கல்.

ஒன்று போனால் என்ன?

பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஒரு ஊரில் ஆயிரம் சிட்டுக்குருவிகள் இருக்கலாம். அதே பரப்பில் ஒரே ஒரு கழுகு இணைதான் இருக்கும். அதற்கு மேல் அந்த நிலம் தாங்காது. தின்னப்படுபவை நிறைய இருந்தால்தான் தின்பவை கொஞ்சமாவது இருக்க முடியும். இரைகொல்லிகள் இயல்பிலேயே எண்ணிக்கையில் குறைந்தவை.

அதோடு மெதுவாகப் பெருகுபவை. பெரும்பாலான பாறுகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பெரிய கழுகுகள் முதன்முறையாகக் கூடு கட்டவே நான்கைந்து வயதாகிவிடும். பிலிப்பைன்ஸ் கழுகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிடும், அதுவும் ஒன்றே ஒன்று.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உண்மையான கள எண் அல்ல, புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண். ஒரு கழுகு இணை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு குஞ்சை வளர்த்துப் பறக்கவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பறந்த குஞ்சுகளில் நான்கில் ஒன்றுதான் வளர்ந்து இணை சேரும் வயதை எட்டுகிறது. அப்படியானால் வளர்ந்த கழுகு ஒன்று கிடைக்க எட்டு ஆண்டுகள். தாய், தந்தை இருவரின் இடத்தையும் நிரப்ப இரண்டு வேண்டும், அதற்குப் பதினாறு ஆண்டுகள். அதாவது பதினாறு ஆண்டுகள் இடைவிடாமல் கூடு கட்டி வளர்த்தால்தான் அந்த இணை தன் கணக்கை நேர் செய்ய முடியும்.

சரி, இயற்கையாக நூறு வளர்ந்த கழுகுகளில் ஆண்டுக்கு ஐந்து இறக்கின்றன என்போம். அப்போது ஒரு கழுகுக்குச் சராசரியாக இருபது ஆண்டுகள் கிடைக்கின்றன. பதினாறு போதும், இருபது இருக்கிறது, கூட்டம் தழைக்கும். இப்போது துப்பாக்கியும் விஷமும் சேர்ந்து இன்னொரு ஐந்தைக் கொன்றுபோடுகின்றன. ஆண்டுக்குப் பத்து. சராசரி வாழ்நாள் பத்து ஆண்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. பதினாறு தேவைப்படும் இடத்தில் பத்துதான் மிச்சம். நூற்றுக்கு ஐந்து என்பது காதில் விழும்போது எவ்வளவு சிறிய எண்! ஆனால் அந்த ஐந்துதான் பெருகும் கூட்டத்தை அழியும் கூட்டமாக மாற்றிவிடுகிறது. நாம் பார்க்கும்போது வானத்தில் கழுகுகள் இருந்துகொண்டேதான் இருக்கும். கிழடாகிக்கொண்டே, குறைந்துகொண்டே.

இன்னொன்று. குஞ்சு இருக்கும் நேரத்தில் தாயோ தந்தையோ கொல்லப்பட்டால், மற்றொன்று தனியாக இரையும் தேடி, கூட்டையும் காத்து, குஞ்சுக்கும் ஊட்ட முடியாமல் போகிறது. சுட்டது ஒன்றை, சாவது இரண்டு மூன்று.

யார், எதற்காக?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. யானையைத் தந்தத்துக்காகக் கொல்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இரைகொல்லிகளுக்கு அப்படி ஒரே காரணம் இல்லை. ஒரு இடத்தில் அவற்றின் மேல் உள்ள ஆசை கொல்கிறது, இன்னொரு இடத்தில் வெறுப்பு கொல்கிறது. காரணம் தெரியாமல் தடுக்கப் போனால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

முதலில் ஆசை. வல்லூறைப் பழக்கி வேட்டைக்கு விடுவது பல ஆயிரம் ஆண்டுப் பழமையான கலை. 2010இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. இந்தக் கலைஞர்கள் எல்லோரையும் திருடர்களாகப் பார்ப்பது பெரிய தவறு. டிடிடி பூச்சிக்கொல்லியால் வட அமெரிக்காவில் பொரி வல்லூறு அழிவின் விளிம்புக்குப் போனபோது, கூண்டில் இனப்பெருக்கம் செய்து மீட்டுக்கொடுத்ததில் வல்லூறு வளர்ப்பவர்களுக்குத்தான் பெரும் பங்கு. 1999இல் அமெரிக்கா அதை அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்தது.

ஆனால் கூண்டில் பிறந்ததைவிடக் காட்டில் பிறந்தது வேகமும் வீரியமும் கொண்டது என்ற நம்பிக்கை சிலரிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பணம் கொட்டவும் ஆள் இருக்கிறது. அந்தப் பணம் நடு ஆசியப் புல்வெளிகளில் சேக்கர் வல்லூறைத் தேடிப் போகிறது.

பிடிக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு புறாவை எடுத்து அதன் முதுகில் தோலால் செய்த சின்னக் கச்சையைக் கட்டுகிறார்கள். கச்சை முழுக்க மீன்பிடி நரம்பில் போட்ட சுருக்குகள், ஒவ்வொன்றும் விரல் அகலம்தான் இருக்கும். வல்லூறு கண்ணில் படும் இடத்தில் புறாவைப் பறக்கவிடுகிறார்கள். கச்சையின் எடையால் அதனால் தூரம் போக முடியாது. வல்லூறு மேலிருந்து பாய்ந்து அடிக்கிறது. உகிர்கள் சுருக்கில் மாட்டிக்கொள்கின்றன. இரையை விடவும் முடியாது, தூக்கவும் முடியாது, இரண்டும் சேர்ந்து தரைக்கு வருகின்றன. அப்புறம் ஊசியும் நூலும். கீழ் இமைகளில் நூலைக் கோத்து மேலே இழுத்து, தலைக்கு மேல் முடிந்துவிடுகிறார்கள். கண் தெரியாத வல்லூறு அடங்கிக் கிடக்கும், பெட்டியில் போட்டால் சத்தம் வராது. பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து இரையைப் பார்க்கும் கண்கள் அவை.

கடத்தல்காரர்கள் பெரும்பாலும் இளம் பெட்டைகளையே தேடுகிறார்கள். வல்லூறில் பெட்டைதான் உருவத்தில் பெரியது, வலிமையானது. நாளைக்கு முட்டையிட வேண்டியவையே முதலில் போகின்றன. மங்கோலியா 2012இல் சேக்கரைத் தன் தேசியப் பறவையாக அறிவித்தது. அங்கே மரமும் பாறையும் இல்லாத புல்வெளியில் ஆயிரக்கணக்கான செயற்கைக் கூடுகளை நட்டார்கள், வல்லூறுகளும் வந்து குடியேறின. சேக்கர் இன்னும் உலக அளவில் அழிவாபத்தில்தான் இருக்கிறது.

இதில் ஒரு தந்திரம் உண்டு. காட்டில் திருடிய குஞ்சை 'எங்கள் கூண்டில் பிறந்தது' என்று கணக்குக் காட்டிவிட்டால் விற்பனை சட்டப்படி ஆகிவிடும். இதைத் தடுக்கத்தான் கூண்டில் பிறக்கும் குஞ்சுக்கு இணைப்பே இல்லாத முழு வளையத்தைக் காலில் போடுகிறார்கள். பிறந்த சில நாட்களில், விரல்களை ஒடுக்கிப் பிடித்தால் மட்டுமே அது நுழையும். வளர்ந்தபின் போட முடியாது. ஆனால் காட்டுக் கூட்டிலிருந்து சின்னக் குஞ்சாகவே திருடி வந்தால்? வளையம் போட்டுவிடலாம். அதற்கு மருந்து மரபணுச் சோதனை. இதுதான் தாய், இதுதான் தந்தை என்று காட்டிய பறவைகளோடு குஞ்சின் மரபணு பொருந்தவில்லை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிரிட்டனில் 1990களிலேயே இப்படிச் சிலர் சிக்கினார்கள்.

அடுத்தது வெறுப்பு. 'என் ஆட்டைத் தூக்குகிறது, என் கோழியைத் தூக்குகிறது' என்ற கோபம். இதில் பாதி உண்மை, பாதி பழி. செத்த ஆட்டுக்குட்டியைத் தின்னும் கழுகைப் பார்த்துவிட்டு, கழுகுதான் கொன்றது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் கால்நடையை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு குட்டியின் இழப்பு பெரிய இழப்பு என்பதையும் மறுக்க முடியாது. 2018 ஜனவரியில் அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் 34 ஆண்டிஸ் காண்டோர்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. ஆடுகளைப் பிடிக்கும் விலங்குகளைக் கொல்வதற்காக வைத்த கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லிதான் காரணம். காண்டோர் தென் அமெரிக்காவின் மாபெரும் பறவை. அதுவும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முட்டைதான் இடும். மேலே போட்ட கணக்கை 34ஆல் பெருக்கிப் பாருங்கள்.

வெறுப்பில் இன்னொரு வகை, விளையாட்டுக்காக வருவது. பிரிட்டனின் மேட்டு நிலங்களில் கிரௌஸ் என்ற காட்டுக்கோழி வகைப் பறவையைப் பணம் கட்டிச் சுடும் வழக்கம் இருக்கிறது. சுடுவதற்குப் பறவை நிறைய வேண்டும். பூனைப்பருந்து கிரௌஸ் குஞ்சுகளைத் தின்னும். எனவே பருந்து அங்கே வேண்டாத விருந்தாளி. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, டிரான்ஸ்மிட்டர் (பறவை இருக்கும் இடத்தைச் சிக்னலாக அனுப்பும் சிறு கருவி) பொருத்திய 58 பூனைப்பருந்துகளைப் பின்தொடர்ந்தது. அவற்றில் 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை, அல்லது அப்படிக் கொல்லப்பட்டிருக்க மிக அதிக வாய்ப்புள்ளவை என்று தெரிந்தது. ஸ்காட்லாந்தில் 2004 முதல் 2016 வரை டிரான்ஸ்மிட்டர் பொருத்திய 131 பொன்னிறக் கழுகுகளில் 41 சந்தேகத்துக்குரிய முறையில் மறைந்தன. சிக்னல் நன்றாக வந்துகொண்டே இருக்கும், ஒருநாள் சட்டென்று நின்றுவிடும். உடலும் கிடைக்காது, கருவியும் கிடைக்காது. இயற்கையாகச் செத்த பறவையின் கருவி அந்த இடத்திலிருந்தே சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். யாரோ உடலை எடுத்துக் கருவியையும் உடைத்தால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். 2024இல் ஸ்காட்லாந்து புதிய சட்டம் கொண்டுவந்தது. கிரௌஸ் வேட்டை நடத்த இனி உரிமம் வேண்டும், தவறு நடந்தால் உரிமம் போகும். கொன்றது யார் என்று நிரூபிக்க முடியாத நிலையில், நிலத்தை நடத்துபவரையே பொறுப்பாக்கும் இந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆப்பிரிக்காவில் நடப்பது வேறு. அங்கே பாறின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. அதன் பிழை, வட்டமிடுவது. விலங்கு ஒன்று செத்து விழுந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு பாறு இறங்கும். அது இறங்குவதைத் தொலைவிலிருந்து இன்னொன்று பார்க்கும், அதை வேறொன்று பார்க்கும். இப்படிச் சங்கிலிபோல் பல மைல் சுற்றளவிலிருந்து வானம் நிறைய வந்து சேர்ந்துவிடும். வனக்காவலர்கள் வானத்தைப் பார்த்தே எங்கே யானை செத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். யானையைக் கொன்றவனுக்கு அது ஆபத்து. அதனால் தந்தத்தை எடுத்தபின் பிணத்தில் விஷத்தைத் தூவிவிட்டுப் போகிறான். இன்று பாறுகள் செத்தால் அடுத்த முறை காட்டிக்கொடுக்க ஆள் இருக்காது. 2019 ஜூனில் போட்ஸ்வானாவில் மூன்று யானைகளின் பிணங்களைச் சுற்றி 537 பாறுகளும் 2 கழுகுகளும் செத்துக் கிடந்தன. அவற்றில் 468 ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறுகள். ஒரே இடத்தில். ஒரு துப்பாக்கிக் குண்டு ஒரு பறவையைத்தான் கொல்லும், விஷத்துக்கு அந்த வரம்பு கிடையாது.

உடல் உறுப்புக்காகக் கொல்வதும் உண்டு. பாறுக்கு நாளை நடப்பது தெரியும், அதன் தலையை வைத்திருந்தால் நமக்கும் அதிர்ஷ்டம் வரும் என்பது போன்ற நம்பிக்கைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு நாட்டில் 2019 கடைசியில் தொடங்கி 2020 வரை 2,000க்கும் மேற்பட்ட சிறு பாறுகள் விஷம் வைத்துக் கொல்லப்பட்டன. பல உடல்களில் தலை இல்லை. மந்திரச் சடங்குக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்பதும் இதே வகைதான். ஆந்தையின் முகத்தில் நம்மைப் போல முன்னோக்கிய இரண்டு கண்கள் இருப்பதாலோ என்னவோ, மனிதர்கள் அதன்மேல் ஏற்றிவைத்த பயம் அதன் உயிரைக் குடிக்கிறது.

கடைசியாக, காரணமே இல்லாத கொலை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். மின்கம்பத்துக்கு அடியில் கழுகு செத்துக் கிடந்தால் மின்சாரம் தாக்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அமெரிக்காவின் ஐடஹோவிலும் பக்கத்து மாநிலங்களிலும் மின்பாதைகளின் அடியில் கிடந்த உடல்களைச் சேகரித்து ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு 2023இல் வெளியானது. சாவின் காரணம் தெரிந்த பறவைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சுடப்பட்டுச் செத்தவை. உயரமான கம்பத்தில் அமர்ந்திருக்கும் பெரிய பறவை, குறிபார்க்க வசதி, அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸில் பமனா என்றொரு பெட்டைக் கழுகு. பெயருக்குப் பாரம்பரியச் சொத்து என்று பொருள். குண்டடிபட்டுப் பிடிபட்டதை மூன்று ஆண்டுகள் வைத்தியம் பார்த்துத் தேற்றி, 2015 ஜூனில் மழைக்காட்டில் விட்டார்கள். உலகிலேயே சில நூறு இணைகள் மட்டும் மிஞ்சியிருக்கும் இனம் அது. அதே ஆகஸ்டில் அது செத்துக் கிடந்தது. மார்பில் குண்டுக் காயம்.

குறுகலான வாசல்கள்

வலசை போகும் பறவைகளுக்குத் தனியாக ஒரு ஆபத்து உண்டு. கழுகும் பருந்தும் எடை கூடியவை. சிறகடித்தே கண்டம் தாண்ட முயன்றால் களைத்து விழுந்துவிடும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி உயரம் பிடித்து, அங்கிருந்து சறுக்கி, அடுத்த வெப்பக் காற்றைப் பிடிக்கும். கடல்மேல் இந்தக் காற்று சரியாக எழாது. அதனால் கடலைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் மிகக் குறுகலான இடமாகப் பார்த்துக் கடக்கும். ஜிப்ரால்டர், பாஸ்பரஸ், இத்தாலியின் மெசினா நீரிணை. மலைக்கும் கடலுக்கும் நடுவில் சிக்கிய ஜார்ஜியாவின் பாத்துமியில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிகள் கடந்து போகின்றன.

பாதி கண்டத்தின் பறவைகள் ஒரே வாசல் வழியாகப் போகின்றன. வாசலில் துப்பாக்கியோடு நின்றால் தேடவே வேண்டியதில்லை. மெசினாவில் வசந்த காலத்தில் தேன் பருந்தைச் சுடாத ஆணின் மனைவி துரோகம் செய்வாள் என்றொரு மூடநம்பிக்கையே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அன்னா ஜியோர்டானோ என்ற இளம்பெண் அங்கே போய் நின்றார். மிரட்டல்களுக்கு அசையாமல், ஒவ்வொரு வசந்தத்திலும் தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு காவல் முகாம் நடத்தினார். சுடுவது பெருமளவு குறைந்தது. 1998இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

ஏன் பிடிபடுவதில்லை?

குற்றம் நடக்கும் இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. பார்த்த சாட்சி இல்லை. விஷம் வைத்தவன் நாலு நாள் கழித்துப் பறவை சாகும்போது எங்கோ இருப்பான். உடல் கிடைத்தாலும் நரியும் புழுவும் முந்திக்கொண்டால் தடயம் போய்விடும். வழக்கு நீதிமன்றம் வரை போவதே அரிது.

இருந்தாலும் கருவிகள் கூடிக்கொண்டே வருகின்றன. எக்ஸ்ரேயில் ஈயத் துணுக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இரைப்பையில் மிஞ்சியதைச் சோதித்தால் எந்த விஷம் என்று தெரியும். ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் விஷம் வைத்த இறைச்சியை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள். டிரான்ஸ்மிட்டர், எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறது.

இந்தக் கருவிகளைவிட முதலில் உதவுவது தற்செயலாகப் பார்த்த ஒரு ஆள்தான், அந்த விமான நிலையத் துப்புரவு ஊழியரைப் போல. ஆகவே உங்கள் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செத்த பறவையை வெறும் கையால் தொடாதீர்கள். கார்போஃபியூரான் போன்ற விஷம் தோல் வழியாகவும் உள்ளே போகும். குழந்தைகளையும் நாயையும் கிட்டே விடாதீர்கள். பக்கத்தில் இறைச்சித் துண்டு, செத்த ஈக்கள், வேறு விலங்குகளின் உடல் கிடக்கிறதா என்று நின்ற இடத்திலிருந்தே பாருங்கள். ஈக்கள்கூடச் செத்துக் கிடந்தால் விஷம் என்று பெரும்பாலும் சந்தேகப்படலாம். கிட்டத்திலிருந்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய ஒரு படம், கைபேசியில் இடத்தின் குறியீடு. பிறகு வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். பொறியைக் கண்டால் உடைக்காதீர்கள், அது சாட்சியம். கூட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இடத்தோடு படத்தைப் பொதுவில் போடாதீர்கள், முட்டைத் திருடர்களும் அதைப் பார்ப்பார்கள். யாராவது கழுகுக் குஞ்சு விற்கிறார் என்றால், இரக்கப்பட்டு வாங்கி விடுவிப்பதும் வேண்டாம். வாங்கினால் அவர் இன்னொன்றைப் பிடிக்கப் போவார்.

பாங்டி

2012 அக்டோபர். நாகாலாந்தின் வோக்கா மாவட்டம், டோயாங் நீர்த்தேக்கம். அமூர் வல்லூறு என்பது புறாவைவிடவும் எடை குறைந்த சிறு வல்லூறு. சைபீரியா, மங்கோலியா, வட சீனப் பகுதிகளிலிருந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் வழியில் லட்சக்கணக்கில் இங்கே தங்கி, கரையான் ஈசல்களைத் தின்று கொழுப்பேற்றிக்கொள்ளும். அதன் பிறகு அரபிக் கடலை ஒரே மூச்சில் கடக்க வேண்டும். அவை அடையும் மரங்களுக்கு நடுவே மீன் வலைகளைக் கட்டி ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள், இறைச்சிக்காக. அந்த ஒரு பருவத்தில் மட்டும் 1,20,000 முதல் 1,40,000 வரை பிடிபட்டிருக்கும் என்று, நேரில் போய்ப் பதிவு செய்த காட்டுயிர் ஆர்வலர்கள் மதிப்பிட்டார்கள். வலைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கிய பறவைகளின் படங்கள் உலகம் முழுவதும் பரவின.

அந்த மக்களைக் கொடியவர்களாகப் பார்த்தால் அடுத்து நடந்தது புரியாது. அணை கட்டியபோது அவர்களின் விளைநிலம் தண்ணீருக்குள் போனது. மீன்பிடிக்கப் போனவர்கள் வலையை வானத்துக்கும் திருப்பினார்கள். தங்கள் மரங்களில் அடையும் பறவை உலகின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

சொன்னார்கள். வனத்துறை வந்தது, தன்னார்வ அமைப்புகள் வந்தன, தேவாலயங்களிலும் பேசினார்கள், பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. பாங்டி உள்ளிட்ட கிராமங்களின் மன்றங்கள் தாங்களே கூடித் தடை போட்டன. மீறினால் அபராதம். 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் டோயாங்கில் வல்லூறு வேட்டை நடக்கவில்லை.

அந்த நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்கு டிரான்ஸ்மிட்டர் பொருத்திப் பறக்கவிட்டார்கள். நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். முந்தைய ஆண்டு வலை கட்டிய ஊரின் பெயர் இப்போது ஒரு வல்லூறுக்கு. அவை இந்தியாவைக் கடந்து, கடலைக் கடந்து ஆப்பிரிக்கா போவதை வரைபடத்தில் ஊரே பின்தொடர்ந்தது. 2014இல் நாகாவும் பாங்டியும் டோயாங்குக்குத் திரும்பி வந்தன.